நான்காவது கரி

எலும்புக்கரிக்குச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று போனில் சொன்னதற்கு, என் வீட்டுக்காரர் முக்கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு வெயிலில் வண்டி ஓட்டி வந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. நெஞ்செலும்பாகப் பார்த்துப் போடச் சொன்னாராம். ஆடி மாதத்துப் புதன்கிழமை, விருந்தாளி யாரும் இல்லை, பண்டிகையும் இல்லை. இவளுக்கு எதற்குத் திடீரென்று எலும்பும் கறியுமாகத் தின்கிற ஆசை வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருடமாக என்னை வாய்விட்டுச் சண்டை போட முடியாமல் செய்திருக்கிறார்.

"நான் கேட்டது கரிங்க. திங்கறது இல்ல, அடுப்புக்கரி மாதிரி கரி. எலும்பச் சுட்டுக் கரியாக்கறது."

"எலும்பச் சுட்டா?" பையைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார். "கொழம்பு வெக்கிறதுக்குத்தான எலும்பு? அத எதுக்குச் சுடணும்?"

பள்ளிக்கூடத்தில் சின்ன ர, பெரிய ற என்று தமிழ் டீச்சர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதுவேன். ஆனால் எங்கள் பக்கத்தில் யாருடைய நாக்கில் அந்த வித்தியாசம் வருகிறது? அடுப்பில் எரிவதும் அடுப்பின் மேல் வேகுவதும் எங்களுக்கு ஒரே சத்தம்தான். தப்பு அவருடையது இல்லை என்று தெரிந்தும் இரண்டு நிமிடம் முறைத்தேன். பிறகு குழம்பு வைத்தேன். பெரியவள் பூவிழி எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள். எல்லோரும் தின்று முடித்ததும் தட்டுகளில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிக் கழுவி, கோழிக்கூண்டின் தகரத்தின் மேல் காயப் போட்டேன். வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டே அதைப் பார்த்தார். என்னிடம் சொல்லாமல் யாரையாவது கூப்பிட்டு மந்திரிக்கலாமா என்று யோசித்திருப்பார்.

எங்கள் இடத்தை ஊர் என்று சொல்ல முடியாது, கொட்டாய். தர்மபுரிப் பக்கத்தில் அவரவர் நிலத்துக்குள் வீடு கட்டிக் குடியிருந்தால் அதைக் கொட்டாய் என்போம். பதினான்கு வீடுகள், அவற்றுக்கு நடுவில் தக்காளியும் மாந்தோப்பும். ஒகேனக்கல் குடிதண்ணீர் எங்கள் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஏழு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் கிடக்கிற எங்கள் கொட்டாய்க்கு இன்னும் ஏறவில்லை. கீழே குழாயடியில் போய் இரண்டு குடம் பிடித்துப் பார்த்தோம். நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரில் அவர்களுக்கே இழுபறி, மூன்றாம் வாரமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தால் முதல் வாரமே திருப்பியிருப்பேன். ஆகவே எங்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான். தொள்ளாயிரம் அடி. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் வாயைத் திறக்கச் சொன்னால் போதும், எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

என் முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குக் கோடுகள் உண்டு. கல்யாண ஆல்பத்தில் நாற்பது போட்டோவிலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். பெண்ணுக்கு அடக்கம் என்று மாப்பிள்ளை வீட்டில் மெச்சினார்களாம். மாப்பிள்ளை வீட்டுப் பற்கள் மட்டும் என்ன முத்தா? செத்துப்போன மாமியாருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே முதுகு வளைந்துவிட்டது. வாதம் என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள். கடைசிவரை அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. பூவிழிக்கு ஏழு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் வந்தபோது, சுண்ணாம்பு தெளித்த மாதிரித் திட்டுத்திட்டாக வந்தது. இரண்டு வருடத்தில் அந்தத் திட்டுகளில் காவி ஏறியது. இப்போது பள்ளியில் போட்டோ எடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவளுக்கும் என் அடக்கம் வந்துவிட்டது.

சின்னவளுக்கு மாமியார் பெயரையே வைத்தோம், தீர்த்தம்மாள். கூப்பிடுவது தீர்த்து. மூன்று வயது. இப்போதைக்கு வாய் நிறையப் பால்பல், வெள்ளை வெளேரென்று. காரணமே இல்லாமல் சிரிப்பாள். இத்தனை சிரிப்பும் எந்த வயதில் நிற்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.

போன தை மாதம் ஊருக்கு ஐந்து பெண்கள் என்று பொறுக்கித் தண்ணீர் சோதிக்கப் பழக்கினார்கள். பத்தாவது பாஸ் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். ஒரு நீலப் பெட்டி, அதற்குள் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குழாய்கள், சொட்டுமருந்து பாட்டில்கள், நிறம் ஒப்பிட ஓர் அட்டை. பழக்க வந்த மேனகா மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு, தர்மபுரியில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பல்லைக் காவியாக்குகிற ஃப்ளோரைடு தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டுமருந்து விட்டால், நல்ல தண்ணீர் ரோஸ் நிறத்தில் நிற்கும், கெட்ட தண்ணீர் மஞ்சளாகிவிடும். என் தண்ணீரில் விட்டேன். கடையில் வாங்கிய மஞ்சள் பொடியைக் கரைத்ததுபோல ஆனது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, மங்களகரமா இருக்குது என்று சிரித்தாள்.

மேனகா மேடம் சிரிக்கவில்லை. தீர்த்து என் மடியில் இருந்தாள். அவள் கன்னத்தைத் தொட்டு, "இவளுக்கு இனிமே வரப்போற பல்லு இப்பவே ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்குது அக்கா. எட்டு வயசு வரைக்கும் என்ன குடிக்கிறாளோ அதுதான் அந்தப் பல்லு. வெளிய வந்தப்புறம் எத போட்டுத் தேச்சாலும் போகாது" என்றார். காய்ச்சிக் குடித்தால் போகாதா என்று கேட்டேன். "காய்ச்சினா தண்ணிதான் கொறையும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும், இன்னும் கெட்டி ஆகும்" என்றார். பூவிழிக்கு நான் ஏழு வருடம் காய்ச்சித்தான் கொடுத்தேன். ஒரு நாள் தவறாமல்.

கேன் தண்ணீர் வாங்கலாமே என்பீர்கள். பூவிழியின் பல்லைப் பார்த்த பயத்தில் ஒரு வருடமாகச் சின்னவளுக்கு அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மெயின்ரோட்டில் ஒருவர் ஷெட் போட்டு நிரப்பிக் கொடுக்கிறார், நாக்கில் வைத்தால் இளநீர் மாதிரி இருக்கும். பெட்டி கைக்கு வந்த கையோடு அதையும் சோதித்தேன். மஞ்சள். போய் நின்று கேட்டேன். அவர் பொய் பேசவில்லை, அது அவருக்கே தெரியாது. போர் தண்ணீரைக் கார்பன் ஃபில்டரில் விட்டுப் பிடிக்கிறார், வாடை போகிறது, கலங்கல் போகிறது, அவ்வளவுதான். முழு ஆர்ஓ மெஷினாக வீட்டில் வைக்கலாம் என்றால், அது ஒரு குடம் கொடுக்க மூன்று குடத்தைக் கீழே விடும். சித்திரையில் எங்கள் போரில் ஒன்றரை மணிநேரம்தான் தண்ணீர் வரும்.

ஆனால் கார்பன் என்ற சொல் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. கார்பன் என்றால் கரிதானே. கரி எங்களிடம் இல்லாததா? பூவிழியின் அறிவியல் புத்தகத்திலேயே மணல், சரளை, கரி என்று அடுக்கித் தண்ணீர் வடிகட்டும் படம் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் கரி சரியில்லாமல் இருக்கும், நல்ல கரியாகப் போட்டால் மஞ்சள் போய்விடும் என்று முடிவு கட்டினேன். கரி என்ற ஒரு வார்த்தையை நம்பி மூன்று மாதம் வீணாக்கினேன். அதற்காக என்னையே எத்தனை திட்டியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்று மண்பானை வாங்கி அடியில் துளை போட்டேன். முதல் பானையில் அர்ச்சுனன் அண்ணனிடம் வாங்கிய கரி. அவர் ஓடைக்கரையில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுச் சுடுகிறவர், அவர் கரி பெங்களூர் ஓட்டல்களுக்கு லாரியில் போகிறது. இரண்டாம் பானையில் எங்கள் தோட்டத்துக் கரி. தக்காளி முடிந்ததும் ஊன்றுகுச்சிகளையும் சோளத்தட்டையும் குழியில் போட்டுச் சுட்டு, சாம்பலாவதற்குள் தண்ணீர் ஊற்றி அணைத்து மண்ணில் கலப்பது, பயோசார் என்று விவசாயப் பயிற்சியில் சொன்னார்கள். முதல் தடவை அதைச் சுடச்சுடக் கொண்டுபோய் நிலத்தில் கொட்டி, நாற்றெல்லாம் வெளுத்துப்போனது தனிக்கதை. செடிக்குப் போக வேண்டிய சத்தை முதலில் அது தின்றுவிட்டது. அடுத்த முறை சாணத்திலும் மாட்டு மூத்திரத்திலும் ஒரு மாதம் ஊறவைத்துப் போட்டோம். அந்தப் பாத்தியில் மட்டும் நான்கு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் செடி தலை தொங்குவதில்லை. மூன்றாம் பானையில் ஃபில்டர் ரிப்பேர்காரரிடம் வாங்கிய கார்பன். அது தேங்காய்த்தொட்டிக் கரிதானாம். அதையே மறுபடியும் நீராவியில் கடும் சூட்டில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் போடுவார்களாம். கையில் எடுத்தால் கடுகு மாதிரி, எடையே இல்லாமல் இருந்தது.

மூன்றிலும் ஒரே குடத்துத் தண்ணீரை ஊற்றி, மூன்று சொம்பில் பிடித்தேன். அர்ச்சுனன் அண்ணன் கரியில் வடிந்தது கொஞ்சம் தெளிவு, அடியில் கறுப்பு மண்டி. தோட்டத்துக் கரியில் வடிந்தது டீத்தண்ணீர் நிறம், நுரை வேறு. கார்பனில் வடிந்தது அழகு. அந்தத் தண்ணீரில் வேண்டுமென்றே பூச்சிமருந்து டப்பா கழுவிய நாற்றத்தை ஏற்றியிருந்தேன், மூக்கை வைத்து உறிஞ்சினாலும் துளி வாடை இல்லை. குடிக்கவில்லை, அவ்வளவு பைத்தியம் இல்லை நான். மூன்றுக்கும் சொட்டுமருந்து விட்டேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். கரியை இருமடங்காக்கினேன், தூளாக்கினேன், ஒரு நாள் முழுக்க ஊறவைத்தேன். மேனகா மேடத்துக்கு போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, மூணும் கரிதான். ஆனா மூணுக்கும் வேலை வேற. ஒண்ணு எரிக்கறதுக்கு, ஒண்ணு மண்ணுக்கு, ஒண்ணு வாடை, விஷம் உறிஞ்சறதுக்கு. நீங்க தேடறது இது மூணுலயும் இல்ல. ஃப்ளோரைடுக்கு போன்சார்தான் சரி."

"அவரு நம்பர் குடுங்க மேடம்."

"யாரு நம்பரு?"

"அந்தச் சாரு நம்பர்தாங்க. போன் பண்ணிக் கேட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் அரை நிமிடம் சிரிப்பு. அப்புறம்தான் எலும்பைச் சுட்ட கரிக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர் என்று சொன்னார். பல்லுக்குள்ளும் எலும்புக்குள்ளும் போய் உட்காருவதுதான் ஃப்ளோரைடின் குணம். குழந்தையின் எலும்பில் போய் உட்காருவதற்கு முன்னால் ஆட்டு எலும்பில் உட்காரவிட்டால் தீர்ந்தது. சொன்னதும் புரிந்துவிட்டது. இவ்வளவு நியாயமான ஒன்றை யாரும் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில் வீட்டுக்காரருக்குப் போன் செய்துதான் நெஞ்செலும்பு வந்து சேர்ந்தது.

முக்கால் கிலோ கறியின் எலும்பு எந்த மூலைக்கு? கறிக்கடை முனிராஜிடம் நானே நேரில் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்று, கறி வேண்டாம், வெட்டிப்போடுகிற கால் எலும்பு, தொடை எலும்பு எல்லாம் வேண்டும் என்றேன். "நாய் எத்தினி வளக்கறீங்க அக்கா?" என்றார். பிள்ளைக்குத் தண்ணீர் வடிகட்ட என்றேன். கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாரம் ஒரு சாக்கு எடுத்துவைக்க ஒப்புக்கொண்டார், ஆனால் மற்ற வாடிக்கைக்காரர்கள் முன்னால் தண்ணீர் என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எலும்பை வேகவைத்து, ஒட்டிய சதையைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, பெயிண்ட் டப்பாவில் அடைத்து அடுப்பில் சுட்டேன். முதல் தடவை மூடி கழன்று காற்று புகுந்து எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிட்டது. தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. இரண்டாம் தடவை பயந்து சீக்கிரம் இறக்கிவிட்டேன். உள்ளே பழுப்பும் பிசுக்குமாக, வடிந்த தண்ணீரில் குப்பைமேட்டு நாற்றம். கொட்டாயில் உள்ள நாய்கள் அத்தனையும் இரண்டு நாள் எங்கள் வாசலில் குடியிருந்தன. போகிறவர் வருகிறவர் மூக்கைப் பொத்தினார்கள், சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பல்லும் என் பல் மாதிரிதானே இருக்கிறது.

சுடுவது என் வேலை இல்லை, சுடத் தெரிந்தவன் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். அர்ச்சுனன் அண்ணன் புதிய மூட்டத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அதன் நடுவில் என் டப்பாக்களை வைத்து மூட வேண்டும் என்றதும் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார்.

"ஏம்மா பானுமதி, என் கரி தந்தூரி அடுப்புக்குப் போறது. எலும்பு நாத்தம் ஏறுச்சுன்னு வெய்யி, லாரிய அப்படியே திருப்பி அனுப்பிருவான்."

"டப்பாவுக்குக் களிமண்ணு பூசித் தர்றேண்ணா. நாத்தம் வந்தா இந்த மூட்டம் மொத்தத்தையும் நானே வெட்டி அடுக்கித் தர்றேன்."

"மரம் வெட்டுவியா நீ?"

"வெட்டுவேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெட்டுவேன் என்பது அதில் எழுதியிருந்திருக்க வேண்டும். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியில் ஆணியால் ஒரு பொத்தல் போட்டார். உள்ளே இருக்கிற புகை வெளியே போக வழி இல்லாவிட்டால் வெடிக்குமாம். மூன்று நாள் மூட்டம் புகைந்தது. வெள்ளைப் புகை நீலமாக மாறினதும் துவாரங்களை அடைத்து ஆறவிட்டார். பிரித்தபோது எலும்பு உருக்குலையாமல் அப்படியே இருந்தது, ஆனால் கன்னங்கரேலென்று, தட்டினால் ஓட்டுச்சில்லுபோலச் சத்தம். மோந்து பார்த்தோம். ஒன்றுமே இல்லை. உரலில் இடித்து ரவைபோலச் சலித்து, பத்துத் தண்ணீரில் அலசி, நான்காவது பானையில் நிரப்பினேன். மேலே ஒரு கை கார்பனும் போட்டேன், வாடை பிடிக்க அதைவிட்டால் ஆள் இல்லை.

சொட்டுமருந்து விட்டேன். ரோஸ். கொஞ்ச நேரத்தில் மாறிவிடும் என்று கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், அரிசி களைந்தேன். மாறவில்லை. மறுநாள் பாட்டிலில் பிடித்துப் பஸ் ஏறி, தர்மபுரியில் மேனகா மேடத்தின் கையில் கொடுத்தேன். மெஷினில் வைத்துப் பார்த்தார். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேலே இருந்த ஃப்ளோரைடு ஒன்றுக்குக் கீழே வந்திருந்தது. கிருமிக்கும் பார்த்துவிட்டு, குடிக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை சோதித்து, மஞ்சள் காட்ட ஆரம்பித்ததும் கரியை மாற்றிவிட வேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், பல் தெரியச் சிரித்தேன்.

அது ஆவணி கடைசி. வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் கவுச்சிச் சட்டிகளை எல்லாம் கழுவி மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் பெயர் சென்றாயன். சென்றாயப் பெருமாளின் பெயர் அது, எங்கள் குலசாமி. புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட இருக்கக் கூடாது. வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி, சனிக்கிழமைதோறும் நாமம் போட்டு, சொம்பெடுத்து நான்கு வீடு கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வந்து தளிகை போட்டுப் படைப்பார். தண்ணீர்ப் பானை இருக்கிற இடம் சாமி மாடத்துக்கு நேர் எதிரில். நான்காவது பானையைக் கொண்டுவந்து அங்கே வைத்தேன்.

"பானு, இது வேணாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இந்த ஒரு மாசம் போவட்டும். ஐப்பசி பொறந்ததும் வெச்சுக்கோ. நானே எலும்பு கொண்டாந்து போடறேன்."

"ஈறுக்குள்ள இருக்கிற பல்லு புரட்டாசின்னு நிக்குமாங்க?"

"அது ஆட்டெலும்பு. சாமிக்கு முன்னாடி எப்படி வெக்கிறது?"

"தக்காளிக்கு எலும்புத்தூள் உரம் போடறோம். அந்தத் தக்காளியிலதான் தளிகைக்கு ரசம் வெக்கிறோம். அது மட்டும் கவுச்சி இல்லயா?"

"அது மண்ணுல."

"இது நெருப்புல. மூணு நாளு மூட்டத்துல வெந்ததுல என்னாங்க கவுச்சி?"

பேச்சில் மடக்கிவிட்டால் அவருக்குக் கோபப்படத் தெரியாது, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். உங்கள் அம்மாவின் முதுகு எதனால் வளைந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் அந்த மாதிரி ஜெயித்த வீட்டில் அப்புறம் எப்படிக் குடியிருப்பது? விழுங்கினேன். பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேரே மோட்டார் ரூமுக்குப் போனேன். வீட்டுக்கு எதிரே வரப்புக்கு அந்தப் பக்கம், போரை ஒட்டி இருக்கிற சின்னக் கட்டிடம். சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே மூன்று செங்கல் வைத்து, அதன் மேல் பானை, அடியில் ஒரு சில்வர் சொம்பு.

"அந்தச் சொம்பு வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்று பின்னாலிருந்து சொன்னார்.

"வராது. எம்புள்ள அங்க போவும்."

அன்றிலிருந்து தீர்த்துவுக்குத் தாகமெடுத்தால் தூக்கிக்கொண்டு வரப்பு தாண்டுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அவளுக்குக் கொண்டாட்டம், தாகமில்லாமலே தண்ணீ தண்ணீ என்பாள். மழையிலும் போனோம். களையெடுத்துக்கொண்டிருக்கும்போதே போனோம். பூவிழியும் தம்ளரை எடுத்துக்கொண்டு கூடவே வர ஆரம்பித்தாள், தன் பல் மாறாது என்று தெரிந்தும். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் வீட்டுப் பானையிலேயே மொண்டு கொடுக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டார், அந்த உண்மையைத் தாங்கிக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்குமே. வேண்டுமானால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே களை எடுப்பேன், எட்டு வயதுவரை எடுப்பேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இறுகிப்போய்க் கிடந்தது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. மார்க்கெட்டுக்குத் தக்காளி போயாக வேண்டும். படையல் முடிந்து இலை எடுத்த கையோடு, நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பறிக்க இறங்கிவிட்டேன். தீர்த்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்துக்கொள்ள அவர் இருந்தார். மூன்றாவது கூடை நிறையும்போது அவள் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். ஊன்றுகுச்சிகளுக்கு நடுவில் எங்கள் வாசல் தெரிந்தது. நெற்றியில் நாமத்தோடு அவர் நிலைப்படியில் நின்றிருந்தார், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சின்னவள். தண்ணீ, தண்ணீ என்று அவள் கத்துவது தோட்டம் வரைக்கும் கேட்டது. பின்னால் கை எட்டும் தூரத்தில் வீட்டுப் பானை. எதிரே வரப்புக்கு அப்பால் மோட்டார் ரூம். நான் ஓடினால் நூறு தப்படிதான். கூடையைக் கீழே வைத்தேன். காலை எடுத்தேன். பிறகு எடுத்த காலை அங்கேயே ஊன்றிக்கொண்டேன். எட்டு வயதுவரை நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் போதாது என்று தோன்றியது.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். மடித்தார், பிரித்தார். அதை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, குனிந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினார். அவள் நடைக்கு ஈடாக மெதுவாக வரப்பில் நடந்து வந்தார்கள். மோட்டார் ரூம் கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கிரீஸும் கரப்பான்பூச்சியுமாகக் கிடக்கிற அந்த இடத்துக்குள் சேற்றுக்காலோடு போய்வருகிற மனிதர், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். தீர்த்து வாசலிலேயே நின்றுகொண்டாள். அவரையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தன் செருப்பின் வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.